ராத்திரி ஒரு மணி நெஞ்செரிச்சல்

கேள்வி: மதுரையில மளிகைக் கடை வச்சிருக்கேன் டாக்டர், வயசு 46. கடையைச் சாத்தவே பத்து ஆயிருது, வழியில நாலு பரோட்டா, சால்னா சாப்பிட்டு வீட்டுக்கு வந்து உடனே படுத்துருவேன். ஒரு மணிக்கு நெஞ்செரிச்சல்ல முழிப்பு வருது, தொண்டை வரைக்கும் புளிப்பா ஏறுது. பால் குடிச்சா அடங்குது, திரும்பவும் வந்துருது. காரத்தை அடியோட நிறுத்திறணுமா?

பதில்: காரம் அப்புறம், முதல்ல சாப்பிடுற நேரத்தை மாத்துங்க. உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல வால்வு மாதிரி ஒரு தசை இருக்கு, வயிறு முட்ட எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டா அது சரியா மூடாது, அந்த நேரத்துல படுத்தோம்னா அமிலம் நேரா மேலதான் வரும். பால் கொஞ்ச நேரம் ஆத்தும், ஆனா அதுவே திரும்ப அமிலத்தைச் சுரக்க வைக்கும், அதான் உங்களுக்கு மறுபடி வருது.

ஏழு, ஏழரைக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி கல்லாவுல உக்காந்தே சாப்பிட்டுருங்க, படுக்க மூணு மணி நேரமாவது இடைவெளி கிடைக்கும். பரோட்டா ஆசைன்னா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு சாப்பிடுங்க, நான் வேணாம்னு சொல்லல.

தலைக்கு ரெண்டு தலையணை வைக்காதீங்க, உடம்பு இடுப்புல மடங்கி வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ ரெண்டு ரெண்டு செங்கல் ஆடாம வைங்க, ஆறு இஞ்ச் உசந்துரும், முதல் ரெண்டு நாள் கீழ சறுக்குற மாதிரி இருக்கும், பழகிரும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க.

கடையில இருக்கும்போது டீ எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, ரெண்டுக்கு மேல வேணாம். சிகரெட் இருந்தா விட்டுருங்க. தொப்பை இருந்தா எடை கொஞ்சம் குறைஞ்சாலே நல்ல வித்தியாசம் தெரியும். அமிலச் சுரப்பைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கி மாசக்கணக்குல போடாதீங்க, டாக்டர் எழுதிக் கொடுத்தா காலையில சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும்.

முழுங்கும்போது அடைக்குது, மலம் கருப்பா போகுது, காரணமில்லாம எடை குறையுதுன்னா எண்டோஸ்கோப்பி பாக்கணும். நெஞ்சு அமுக்கி, வேர்த்து, இடது கை, தாடைன்னு வலி பரவுச்சுன்னா கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க, எந்த ராத்திரியா இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுத்துருங்க.