ஜப்பானிய மொழியில் ஒரு நிறத்துக்கான கான்ஜி எழுத்தை எப்படிக் கற்பது?

ஹிராகனா, கட்டகானா என்ற ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் முடித்து, சீனத்திலிருந்து வந்து பொருளைக் குறிக்கும் கான்ஜி எழுத்துகளில் நிறங்களுக்கு வந்திருப்பதாகவும், நீலம் என்று மனப்பாடம் செய்த எழுத்து பச்சைப் பொருள்களின் பெயரிலும் வருவதால் குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது ‘அவோ’ (青) என்ற எழுத்து. எனக்கும் அதே இடத்தில்தான் தடங்கல் ஏற்பட்டது. நிறங்களில் நான் மிகவும் நேசிக்கும் எழுத்தும் இப்போது அதுவே.

பொருளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் கையைப் பழக்குங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் கற்பிக்கப்படும் 80 கான்ஜிகளில் இதுவும் ஒன்று. மொத்தம் எட்டுக் கோடுகள். மேலே ஒரு கிடைக்கோடு, அதை ஊடுருவி இறங்கும் ஒரு செங்குத்துக் கோடு, அதன் பிறகே இரண்டாவது கிடைக்கோடு, பின்பு எல்லாவற்றிலும் நீளமான மூன்றாவது கிடைக்கோடு என்பது ஜப்பானிய வரிசை. நான் மூன்று கிடைக்கோடுகளையும் போட்டுவிட்டுக் கடைசியில் செங்குத்துக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. கீழ்ப்பாதி, நிலாவைக் குறிக்கும் எழுத்தைப் போலவே தோன்றும். ஆனால் நிலாவின் இடக்கால் இடப்புறமாக வளைந்து இறங்கும். இதில் அது நேராக இறங்கி நின்றுவிட வேண்டும். எங்கள் ஆசிரியை என் கட்டம் போட்ட நோட்டில் அந்த ஒற்றைக் காலைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டார். நூறு முறை பார்த்தும் கண்ணுக்குப் படாத வேறுபாடு, அந்த வட்டத்தால் ஒரு நொடியில் பட்டது. நிலாவுக்கும் இந்த எழுத்துக்கும் உண்மையில் தொடர்பே இல்லை. மேற்பாதியோ, முளைத்தெழுவதையும் உயிர்வாழ்வதையும் குறிக்கும் எழுத்திலிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம். அதை நினைவில் வையுங்கள், பொருளைப் புரிந்துகொள்ள உதவும்.

பழைய ஜப்பானிய மொழியில் நிறங்களுக்கான அடிப்படைச் சொற்கள் நான்குதான்: சிவப்புக்கு அகா, வெள்ளைக்கு ஷிரோ, கறுப்புக்கு குரோ, நீலமும் பச்சையும் அடங்கிய பரப்புக்கு அவோ. இன்றும் இந்த நான்கு மட்டுமே ‘இ’ என்ற ஒற்றை விகுதியை நேரடியாகச் சேர்த்துக்கொண்டு அகாயி, ஷிரோயி, குரோயி, அவோயி என்று பெயரடை ஆகின்றன. மஞ்சளுக்கும் பழுப்புக்கும் ‘நிறம்’ என்ற பொருளுடைய ‘இரோ’ என்ற சொல்லை இடையில் வைக்க வேண்டியிருக்கிறது. பச்சைக்கு இன்று வழங்கும் ‘மிதோரி’ என்ற சொல், தொடக்கத்தில் இளந்தளிரைக் குறித்தது. அதன் கான்ஜிக்குப் பதினான்கு கோடுகள்; குழந்தைகள் அதை மூன்றாம் வகுப்பில்தான் கற்கிறார்கள். ஆகவே ‘அவோ = நீலம்’ என்று அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வது, பாதிப் பொருளை வெட்டி எறிவதாகும்.

அந்த எழுத்து வாழும் சொற்களோடு சேர்த்தே அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அவோசோரா என்றால் நீல வானம்; அவோபா என்றால் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை இலைகள்; அவோரிங்கோ என்றால் பச்சை ஆப்பிள். வடக்கே உள்ள அவோமோரி மாநிலத்தின் பெயரில் இந்த எழுத்தும் காட்டைக் குறிக்கும் எழுத்தும் அருகருகே நிற்கின்றன. 1930ஆம் ஆண்டு டோக்கியோவின் ஹிபியாவில் ஜப்பானின் முதல் மின்சாரப் போக்குவரத்து விளக்கு எரியத் தொடங்கியது. அதன் பச்சை விளக்கை மக்கள் அவோ என்றே அழைத்தார்கள், இன்றும் அது ‘அவோஷிங்கோ’தான்.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நமக்கு ஒரு வசதி உண்டு. பச்சை மிளகாய், பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை என்று சொல்லும்போது நாம் நிறத்தை மட்டுமா சொல்கிறோம்? முற்றாதது, காய்ச்சாதது, புதிதாய்ப் பிறந்தது என்றெல்லாம் அந்த ஒரே சொல் விரிகிறது. அவோவும் அப்படித்தான் விரிகிறது: அனுபவம் முதிராதவரை அவோயி என்கிறார்கள், இளமைப் பருவத்தைக் குறிக்கும் ‘சேஷுன்’ என்ற சொல்லில் இந்த எழுத்தும் வசந்தத்தைக் குறிக்கும் எழுத்தும் இணைந்திருக்கின்றன. கைக்குழந்தையை மட்டும் அவர்கள் சிவப்போடு சேர்த்து ‘அகாச்சான்’ என்கிறார்கள்.

சேஷுனில் வரும் ‘சே’ என்பது இதே எழுத்துக்குச் சீன மொழிவழி வந்த மற்றொரு வாசிப்பு, அதாவது ஒலிப்பு. இதைத் தனியாக மனப்பாடம் செய்து சலிப்படைய வேண்டாம், ஏனெனில் இந்த எழுத்து வேறு பல எழுத்துகளுக்குள் புகுந்து அவற்றுக்கும் ஒலியைக் கொடுக்கிறது. சூரியனைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் நின்றால் தெளிந்த வானிலை. நீருக்குப் பக்கத்தில் நின்றால் தூய்மை. அரிசிக்குப் பக்கத்தில் நின்றால் தீட்டிய அரிசியின் நுண்மை. மூன்றுக்கும் ‘சே’ என்ற வாசிப்பு உண்டு. உணர்ச்சியைக் குறிக்கும் எழுத்து பெரும்பாலும் ‘ஜோ’ என்று ஒலிப்பதுபோன்ற விலகல்களும் உள்ளன, அவற்றை எதிர்ப்படும்போது கற்றுக்கொண்டால் போதும்.

அவோவைக் கற்றுச் சில மாதங்கள் கழிந்தபின், பாடத்தில் இன்னும் வராத ஓர் எழுத்தை ஒரு நூலின் பக்கத்தில் கண்டேன். அதன் இடப்பாதியில், நேராக இறங்கும் அந்தக் காலோடு அவோ நின்றிருந்தது. ‘சே’ என்று வாய்விட்டுப் படித்துவிட்டு அகராதியைத் திறந்தேன். வாசிப்பு அதேதான், பொருள் அமைதி.