மூன்றாம் வாரத்தில் எடை இறங்காமல் நின்றால்?

கேள்வி: எனக்கு வயது 38. எடை 112 கிலோ இருந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. கடந்த மாதம் வெளியூரில், எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முதல் இரண்டு வாரத்தில் 7 கிலோ குறைந்தது. அதன்பின் பத்து நாளாக ஒரு கிராம்கூட இறங்கவில்லை. அதே வாரத்தில் அறுவை செய்துகொண்ட ஒருவர் 13 கிலோ குறைந்துவிட்டதாகச் சொல்கிறார். அதனால் நான் சாப்பாட்டை இன்னும் குறைத்து, கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டுமே குடிக்கிறேன். பழைய மாத்திரைகளைத் தவறாமல் போடுகிறேன். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இவ்வளவு பணம் செலவழித்தது வீணாகிவிட்டதா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பணமும் வீணாகவில்லை, அறுவையும் தோற்கவில்லை. ஸ்லீவ் செய்துகொண்ட பலருக்கு இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில் எடை இப்படி நின்றுவிடுவதுண்டு. ஒரு வாரமோ, சிலருக்கு இரண்டு மூன்று வாரமோ நின்றுவிட்டு, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். அதன் காரணத்தை விளக்குவதற்கு முன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் தலைச்சுற்றலைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் எனக்குக் கவலை தருவது அதுதான்.

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 112 கிலோ உடம்புக்காகக் கணக்கிட்டு எழுதப்பட்ட சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும், நாளெல்லாம் கஞ்சித் தண்ணீர் மட்டுமே குடிக்கும் உடம்பு தாங்காது. இந்த அறுவைக்குப் பிறகு, எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, சர்க்கரை அளவு இறங்கிவிடுவது வழக்கம்; இரத்த அழுத்தமும் சில வாரங்களில் தணியும். அப்போது பழைய அளவு மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கத்தில் கொண்டுவிடும். அழுத்த மாத்திரையோடு சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருந்தால், நீர் குறைந்துபோன உடம்பு மேலும் வற்றிவிடும். ஆகவே இன்றைக்கே பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது சர்க்கரையையும், உட்கார்ந்தபடியும் நின்றபடியும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, அந்த எண்களை உங்கள் அறுவை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். நீங்களாக எதையும் விட்டுவிட வேண்டாம்.

இனி எடைக்கு வருகிறேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்கள் உடம்புக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவை என்றும், அறுவைக்குப் பின் உள்ளே போனது 600 கலோரி என்றும் வைத்துக்கொண்டால், 14 நாளில் கரைந்திருக்கக்கூடிய கொழுப்பு இரண்டரைக் கிலோ. மீதி நாலரைக் கிலோ எங்கே போனது? கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சுமார் அரைக் கிலோ அளவுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கும். உணவு குறைந்தவுடன் முதலில் செலவாவது அந்தச் சேமிப்பு. அதோடு பிணைந்திருந்த நீரும், உப்போடு தேங்கியிருந்த நீரும், குடலில் இருந்த உணவும், கொஞ்சம் தசையும் சேர்ந்துதான் அந்த நாலரைக் கிலோ. மூன்றாம் வாரத்தில் உடம்பு இழந்த நீரில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும், கரைந்த எடையும் சேர்ந்த நீரும் ஈடாகிவிடுவதால் எடைக்கருவி அதே எண்ணைக் காட்டுகிறது. மலச்சிக்கலோ மாதவிலக்கோ சேர்ந்துகொண்டால் இன்னும் சில நாள் நிற்கும்.

13 கிலோ குறைந்தவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். தொடக்க எடை அதிகமாக இருப்பவருக்கும் ஆண்களுக்கும் முதல் மாதத்தில் கூடுதலாகவே குறையும். அவர் எந்த நாளின் எடையிலிருந்து கணக்கெடுத்தார் என்பதும் தெரியாது: அறுவைக்கு முன் திரவ உணவு தொடங்கிய நாளா, அறுவை நாளா, அல்லது டிரிப்ஸ் ஏறி ஓரிரண்டு கிலோ கூடியிருந்த வீடு திரும்பிய நாளா? ஸ்லீவ் அறுவையில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மொத்த எடையில் 25 முதல் 30 விழுக்காடு வரை குறைவது பொதுவான நிலை. உங்கள் கணக்கில் அது 28 முதல் 34 கிலோ. மாதம் செல்லச் செல்ல வேகம் குறையும், அதுவும் இயல்பே. வாரத்தில் ஒரு நாள், காலைக்கடன் முடித்தபின், ஒரே எடைக்கருவியில் மட்டும் ஏறுங்கள். இடுப்பளவை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். எடை நிற்கும் வாரங்களிலும் அது பெரும்பாலும் குறைந்துகொண்டிருக்கும்.

கஞ்சித் தண்ணீரிலும் இளநீரிலும் புரதம் இல்லை என்றே சொல்லலாம். உங்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே எடுத்துச் செலவழிக்கும், மூன்று நான்கு மாதம் கழித்து முடி கொட்டுவதும் கடுமையாகும். உங்களுக்குத் தந்த உணவுப் பட்டியல் மசித்த உணவுக்கு வந்திருந்தால், நம் ஊர் அடுக்களையிலேயே வழி இருக்கிறது. முள் நீக்கிய மீனை, தேங்காயும் மிளகாயும் குறைத்த குழம்பில் நன்றாக வேகவைத்து, கரண்டியின் பின்புறத்தால் பசையாகும்வரை மசியுங்கள். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்து மசித்த சிறுபயறும் கெட்டித் தயிரும் நல்லவை. பட்டியலில் உள்ள புரதப் பொடியை மோரில் கலக்கலாம். மரச்சீனிக் கிழங்கையும் ஏத்தங்காய் சிப்ஸையும் அக்கானி என்ற பதநீரையும் இப்போது தொட வேண்டாம். தண்ணீரை நாள் முழுக்க மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடியுங்கள், ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் இதயத்துடிப்பு, இடது தோள்வரை பரவும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்தால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அவசரப் பிரிவு உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உடனே போய்விடுங்கள். ஓரிரு நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டாலும் அப்படியே. தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோகும்; அந்த நிலையில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து உங்கள் தொலைபேசியிலும் வீட்டில் இன்னொருவர் தொலைபேசியிலும் வைத்திருங்கள்; எந்த மருத்துவமனையில் ஊசி போட வந்தாலும், ஸ்லீவ் அறுவை நடந்திருக்கிறது, தயமின் கொடுக்க வேண்டுமா என்று முதலில் கேட்கும்படி உடன் வருபவரிடம் சொல்லி வையுங்கள்.