சுழல்கம்பி இல்லாமல், வீட்டுக் கரி கிரில்லில் ஆல் பாஸ்தோர் டாக்கோ செய்ய முடியுமா?

முடியும். ஆனால் கடையில் இருப்பதைப் போன்ற இறைச்சிக் கூம்பை வீட்டில் எழுப்ப முயலாதீர்கள் என்பதே என் முதல் யோசனை.

டாக்கோ என்பது சிறிய ரொட்டியில் கறி முதலியவற்றை வைத்து உண்ணும் மெக்சிகோ உணவு. ஆல் பாஸ்தோர் என்றால் 'இடையர் முறை' என்று பொருள். லெபனான் முதலிய மத்திய கிழக்குப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுசென்ற ஆட்டுக்கறி ஷவர்மாவே அங்கே பன்றி இறைச்சிக்கும் வற்றல் மிளகாய் மசாலாவுக்கும் மாறியது. ஆடு போய்விட்ட பிறகும் இடையர் மட்டும் பெயரில் தங்கிவிட்டார். கடைக்காரர் 'த்ரோம்போ' எனப்படும் அந்தக் கூம்பின் தீயில் முறுகிய வெளிப்புறத்தை மட்டுமே சீவித் தருகிறார் என்பதால், நம் வாய்க்கு வரும் ஒவ்வொரு துண்டுக்கும் கருகிய ஓரம் ஒன்று இருக்கிறது. அந்த ஓரம்தான் நமக்கு வேண்டும். அதற்குக் கூம்பு தேவையில்லை, மெல்லிய வில்லைகள் போதும்.

கொழுப்புள்ள, எலும்பு நீக்கிய பன்றித் தோள்பட்டைக் கறி ஒன்றரை கிலோவை உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, சற்று இறுகியதும் அரை சென்டிமீட்டர் கனத்தில் அகன்ற வில்லைகளாக அரிந்துகொள்ளுங்கள். மெக்சிகோவின் வற்றல் மிளகாய் வகைகளான குவாஹீயோ எட்டு, ஆஞ்சோ மூன்று ஆகியவற்றின் விதைகளை நீக்கி, வெறும் சட்டியில் மணம் வரும்வரை வாட்டி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அச்சியோத்தே (செந்நிற அன்னாட்டோ விதை) விழுது 50 கிராம், பூண்டு ஐந்து பல், கிராம்பு இரண்டு, சிறிது சீரகம், ஓரிகானோ, வினிகர் 100 மில்லி, உப்பு 20 கிராம் சேர்த்து மைய அரைக்க வேண்டும். குவாஹீயோ நிறமும் மணமும் தருவது, காரம் குறைவு. அதற்குப் பதிலாக நம் குண்டு மிளகாயைப் போட்டால் காரம் மட்டுமே மிஞ்சும். அச்சியோத்தேயின் செம்மஞ்சள் கறை அரிபலகையை விட்டு எளிதில் போகாது என்பதால் பழைய பலகையை எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த மசாலாவில் கறி இரவு முழுவதும் ஊறலாம். அன்னாசிச் சாறு விரும்பினால் சமைப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் கால் கோப்பை மட்டும் ஊற்றுங்கள். சமைக்காத அன்னாசியில் உள்ள புரோமலின் என்னும் நொதி புரதத்தைச் சிதைத்துவிடும். இதை அறியாமல் முதன்முறை நான் சாற்றிலேயே இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் விரலால் தொட்டதும் கறி ஊறிய அவலைப் போலக் குழைந்தது.

கனன்ற கரியை கிரில்லின் ஒரு பக்கமாகவே குவியுங்கள். மசாலாவை நன்றாக வழித்துவிட்டு வில்லைகளை நெருப்புக்கு நேர் மேலே பரப்பினால், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்களில் ஓரங்கள் கருக்கத் தொடங்கும். கொழுப்பு கரியில் சொட்டித் தீ எழும்பும்போது கரியில்லாத பக்கத்துக்கு உடனே தள்ளிவிடுங்கள். மசாலாவை வழிக்காத கறி முறுகாமல் புழுங்கும் என்பதால் இந்த வழிப்பில் சோம்பல் கூடாது. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள அன்னாசி வட்டங்களையும் கூடவே வாட்டுங்கள். வெந்த வில்லைகளை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அடுக்காக வைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்குங்கள்.

சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துச் செய்யும் சிறிய தோர்த்தியா ரொட்டிகளே இதற்கு உரியவை. கோதுமையில் செய்தவற்றில் அந்தச் சோள மணம் வராது. அவற்றை அரை நிமிடம் வாட்டித் துணியில் சுற்றி வைத்து, இரண்டிரண்டாக அடுக்கி, மேலே கறி, அன்னாசித் துணுக்கு, பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, பச்சைத் தொமாத்தீயோ (தக்காளி போன்ற புளிப்புக் காய்) சால்சா ஆகியவற்றை வையுங்கள். சீஸும் கீரையிலைகளும் இந்த டாக்கோவில் இடம்பெறுவதில்லை, நானும் சேர்ப்பதில்லை.