யாரிடம் படிப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் கதைகளை வாசிக்கிறேன். நீங்கள் அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்று ஒரு பேட்டியில் படித்தேன். அந்தத் தைரியத்தில் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியோடு வருகிறேன்.

எனக்கு 24 வயது. எம்.எஸ்ஸி. உளவியல் முடித்து, ஒரு வருடமாகப் போதை மீட்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜியில் பிஹெச்.டி. செய்ய ஆசை. ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டியதில் 18 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் தந்தார்கள், இணைத்திருக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன், யேல் உட்பட ஐந்து ‘ட்ரீம்’, எட்டு ‘மாடரேட்’, ஐந்து ‘சேஃப்’. சேஃப் ஐந்தும் சைடி (PsyD) படிப்புகள், அதாவது ஆராய்ச்சியைவிடச் சிகிச்சைப் பயிற்சியை முன்னால் வைக்கும் முனைவர் பட்டம். பிஹெச்.டி.யைவிட இடம் சுலபமாகக் கிடைக்குமாம், செலவுதான் அதிகம். வீட்டை வைத்து லோன் போடலாம் என்கிறார் அப்பா.

என் எம்.எஸ்ஸி. ஆய்வு தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் 112 பேரின் தேர்வுப் பதற்றம் பற்றியது. அதை அளக்கும் ஆங்கில வினாத்தாளை நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். இந்தப் பட்டியலில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம்? படித்து முடித்ததும் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது.

க.,
பாளையங்கோட்டை

*

அன்புள்ள க.,

முதலில் சுலபமான வேலையை முடித்துவிடுவோம். ஸ்டான்ஃபோர்டையும் பிரின்ஸ்டனையும் அடித்துவிடுங்கள். இடம் கிடைக்காது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த இரண்டு உளவியல் துறைகளிலும் கிளினிக்கல் பிஹெச்.டி. என்று ஒன்று கிடையவே கிடையாது. நினைவாற்றல், சமூக உளவியல், மூளை என்று பெரிய ஆட்கள் இருக்கும் இடங்கள்தான். ஆனால் அங்கே முடித்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கும் லைசென்ஸுக்குப் போய் நிற்க முடியாது. (ஸ்டான்ஃபோர்டு பெயரோடு ஒரு சைடி படிப்பு உண்டு. அது பாலோ ஆல்டோ பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டின் மனநல மருத்துவத் துறையும் சேர்ந்து நடத்துவது.) உங்களிடம் பணம் வாங்கியவர் ஏதோ ஒரு ரேங்க் பட்டியலைத் திறந்துவைத்து மேலிருந்து கீழே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நம் ஊரில் ஒருவர் பிஹெச்.டி. சேர்ந்திருக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி என்ன? “யாருகிட்ட?” கைடு யார் என்று தெரிந்த பிறகுதான் மேலே பேச்சு. அவர் அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித்தர எத்தனை மாதம் எடுப்பார், வீட்டு விசேஷத்துக்கு மாணவர்களைப் பந்தி பரிமாற விடுவாரா என்பதுவரை விசாரித்துவிடுவோம். அதே நாம் அமெரிக்கா என்றதும் “எந்த யுனிவர்சிட்டி?” என்று மாற்றிக் கேட்கிறோம். அங்கும் கேட்க வேண்டியது பழைய கேள்விதான். கிளினிக்கல் பிஹெச்.டி.யில் பெரும்பாலான இடங்களில் உங்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு பேராசிரியர், அவருடைய ஆய்வகத்துக்காக. ஒரு வருடத்துக்கு ஒரு மாணவர் எடுப்பார், சில வருடம் யாரையுமே எடுக்க மாட்டார். அவர் எடுக்காத வருடத்தில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பிரயோசனமில்லை.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. நான் விண்ணப்பித்த வருடம் 11 இடங்களுக்குப் போட்டேன். அதில் ஓரிடத்துக்காக மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு பேராசிரியையின் கட்டுரைகளைத் தேடிப் படித்து, எஸ்ஓபியை (ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) அவருக்கென்றே எழுதினேன். பிப்ரவரியில் துறை அலுவலகத்திலிருந்து இரண்டு வரி வந்தது: அவர் போன கோடையிலேயே வேறு மாநிலத்துக்கு மாறிப்போய்விட்டார். இணையப் பக்கத்தில் மட்டும் அவர் படம் சிரித்துக்கொண்டே இருந்தது. கட்டிய பணம் போனது போனதுதான்.

ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அந்தந்தப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சுயசரிதை வேண்டாம். “வரும் ஆண்டு புது மாணவர் எடுக்கிறீர்களா? பள்ளிப் பிள்ளைகளின் பதற்றத்தை அவர்கள் தாய்மொழியில் அளப்பதில் கொஞ்சம் வேலை செய்திருக்கிறேன்.” இவ்வளவு போதும். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். போடுகிற பாதியே உங்கள் பட்டியலைப் பாதியாக்கிவிடும். விண்ணப்பக் கட்டணம் இடத்துக்கு ஏறத்தாழ 75 முதல் 125 டாலர். பதினெட்டால் பெருக்கிப் பாருங்கள், மின்னஞ்சலின் மதிப்பு புரியும். கெடு பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். அதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, யாருக்கு எழுதுவது? உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி ஒன்று உண்டு. நீங்களோ அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். “ஆங்கில வினாத்தாளை நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்.” எப்படி மொழிபெயர்த்தீர்கள்? ‘நான் பதற்றமாக உணர்கிறேன்’ என்றா? பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் எந்தப் பையனும் அப்படிப் பேச மாட்டான். “வயித்தக் கலக்குது” என்பான். “நெஞ்சு படபடங்குது” என்பான். ஒன்றும் வராவிட்டால் “ஒரு மாதிரியா வருது” என்பான். அப்படியென்றால் உங்கள் தாள் அளந்தது அவனுடைய பதற்றத்தையா, அவனுக்குத் தெரிந்த பாடப்புத்தகத் தமிழையா? 112 பேரில் எத்தனை பேர் கை தூக்கி “மிஸ், இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்கள்? ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி அந்தத் தூக்கிய கைகளில் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் உறவுக்காரர்கள் உண்டு. ஆர்தர் க்ளைன்மன் என்ற மனநல மருத்துவர் – மானுடவியலும் படித்தவர் – சீனாவின் ஹுனானில், நரம்புத் தளர்ச்சி என்று சிகிச்சைக்கு வந்த 100 பேரை மறுபடி பரிசோதித்து 1982இல் எழுதினார். மேற்கத்திய அளவுகோலின்படி பார்த்தால் 87 பேருக்கு மனச்சோர்வு. அவர்கள் வந்ததோ தலைவலி, தூக்கமின்மை என்று. அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 2013இல் வந்தது, துயரத்தை ஒவ்வொரு பண்பாடும் சொல்லும் முறைக்குத் தனியாக இடம் ஒதுக்கியது. மான்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ரைடர் சீன நோயாளிகளையும் கனடா நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடம்பால் சொல்கிறார்களா மனத்தால் சொல்கிறார்களா என்று ஆராய்ந்தவர். உங்கள் 18இல் கனடா என்ற நாடே இல்லை. இவர்களுடைய கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பின்பற்றிப் போனால் ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து பெயர் சேரும். அதுதான் பட்டியல். அவர்கள் வேலை பார்க்கும் ஊர்தான் நீங்கள் விண்ணப்பிக்கும் ஊர். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி லோன். சைடியை மட்டமாகப் பேசுகிறவள் இல்லை நான். 1949இல் கொலராடோவின் போல்டரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது. இன்றைய பிஹெச்.டி.யின் வேர் அங்கே. நாள் முழுக்க நோயாளி பார்க்கப் போகிறவருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவர்களால் வந்தது சைடி. இல்லினாய் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கியது, 1973இல் வேய்ல் மாநாடு அந்த வழிக்கு ஒப்புதல் தந்தது. கேள்வி நியாயமானதுதான். சிக்கல் காசில் இருக்கிறது. பிஹெச்.டி.யில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள். டெக்சாஸின் பேய்லர் போல மாணவருக்கு உதவித்தொகை தரும் சைடி படிப்புகள் சில உண்டு, ஆனால் தனியார் சைடி கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். நான்கு வருடம் என்றாலே ஒரு கோடி ரூபாய்க்கு மேல். சாப்பாடும் வாடகையும் தனி. அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

‘சேஃப்’ என்று எழுதிக் கொடுத்தாரே, அது எவ்வளவு சேஃப் என்று நீங்களே பார்க்கலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் படிப்பும் தன் இணையப் பக்கத்தில் ‘ஸ்டூடண்ட் அட்மிஷன்ஸ், அவுட்கம்ஸ் அண்ட் அதர் டேட்டா’ என்ற அட்டவணையை வெளியிட்டே ஆக வேண்டும். பளபளப்பான படங்களுக்கு அடியில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், தேடுங்கள். வருடத்துக்கு எத்தனை பேர் சேர்கிறார்கள் (ஆறு பேர் சேரும் இடமும் உண்டு, அறுபது பேர் சேரும் இடமும் உண்டு), எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பாதியில் போனவர்கள் எத்தனை பேர், முடித்தவர்களில் லைசென்ஸ் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம், எல்லாம் எண்ணில் இருக்கும். நீங்கள் விரலை வைத்து நிறுத்திப் படிக்க வேண்டியது இன்டர்ன்ஷிப் வரி. அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுநேர இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? அந்த எண் குறைவாக இருந்தால் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். அட்டவணையே இல்லாவிட்டால் அங்கீகாரமும் அநேகமாக இருக்காது.

இந்த இன்டர்ன்ஷிப் பற்றி வெளிநாட்டு மாணவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பட்டம் முடியும் தறுவாயில் ஒரு வருடம் முழுநேரமாக ஒரு மருத்துவமனையிலோ மையத்திலோ வேலை செய்ய வேண்டும். அந்த இடமும் நாடு முழுவதற்குமான ஒரு பொருத்தல் முறையில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் உளவியலாளர்களுக்கு அதிகமாகப் பயிற்சி தருவது முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள். அங்கே இன்டர்னாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நான் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது, என்னோடு படித்த அமெரிக்கப் பெண்ணும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இடங்களின் பட்டியலைப் பிரித்தோம். அவள் மஞ்சள் பேனாவால் பிடித்த இடங்களுக்குக் கோடு போட்டாள். நான் சிவப்புப் பேனாவால் படைவீரர் மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். அவளுடைய மஞ்சள்களில் பாதி என்னுடைய சிவப்பு. நேர்காணலுக்கு அழைத்தால் தயங்காமல் கேளுங்கள்: “உங்கள் வெளிநாட்டு மாணவர்கள் கடைசியாக எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள்?” பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே உங்களைப் போல் ஒருவர் அதிகம் வந்ததில்லை என்று அர்த்தம்.

கடைசி வரியில், ஊருக்குத் திரும்பும் எண்ணமும் ஓர் ஓரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் வைக்க முடியாது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு வேண்டும், அது 1992 சட்டப்படி வந்தது. பிஹெச்.டி. மட்டும் அந்தப் பதிவைத் தராது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அமெரிக்கப் பட்டமும் தானாகச் செல்லாது, விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கே அதற்கான பாதை 1955இல் பெங்களூரில், இன்றைய நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் முன்னோடியில் தொடங்கிய இரண்டாண்டுப் பயிற்சியிலிருந்து வந்த எம்.ஃபில். அந்தப் பட்டத்தையே யுஜிசி 2022 விதிகளில் நிறுத்தியது, இந்தத் துறைக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கைவரை விலக்குத் தந்தது. அதற்குமேல் எந்தப் பெயரில் நடக்கிறது என்பதை ஆர்சிஐ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், கன்சல்டன்சியிடம் கேட்காதீர்கள்.

ஆகவே பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஆட்களைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், அமெரிக்க வரிசைக்கு முன்னால் ஆர்சிஐ பயிற்சிக்கான நுழைவுத்தேர்வை எழுதுங்கள். பையன்களின் பதற்றத்தை எந்தத் தமிழில் அளப்பது என்ற கேள்விதான் தூங்கவிடாமல் செய்கிறது என்றால், ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி இங்கேயே ஒரு நல்ல கைடிடம் சேரலாம், மாதம் 37,000 ரூபாய். இல்லை, வெளியே போய்த்தான் தீருவேன் என்றால் ஆறேழு ஆட்கள், ஆறேழு விண்ணப்பங்கள். கிளினிக்கல் பிஹெச்.டி.யில் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் குறைவாக எடுக்கும் இடங்களே அதிகம். முதல் வருடம் எல்லாம் கைவிட்டுப் போனால் அடுத்த வருடம் மறுபடி போடுபவர்கள் நிறைய. நானும் 11இல் ஒன்பதில் தோற்றவள்தான்.

மூன்றில் எது உங்களுடையது என்று எனக்கு எழுத வேண்டாம். உங்கள் வினாத்தாளை மட்டும் அனுப்புங்கள். ‘டென்ஷன்’ என்ற சொல்லை அப்படியே விட்டீர்களா, மாற்றினீர்களா என்று பார்க்க ஆசை.

இதைப் படித்துவிட்டு எஸ்ஓபி திருத்தித் தரக் கேட்டு மற்றவர்கள் எழுத வேண்டாம். நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது.

அன்புடன்.