டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பரிமாற்றச் சார்பு என்று நான் எழுதுவதெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைத்தான்: ஓர் அமைப்பின் வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்துக் கிடைக்கும் பின்னம்.

கேள்வி: காலத்தில் உள்ள சமன்பாட்டை எஸ் என்ற கலப்பெண் மாறிக்கு மாற்றும் லாப்லாஸ் உருமாற்றம் எடுத்து, வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்துத் தேர்வில் எழுதிவிடுகிறேன். அந்தப் பின்னம் உண்மையில் எதைத்தான் சொல்கிறது?

பதில்: காலத்தோடு மாறாத, நிலையான ஒரு நேரியல் அமைப்புக்குள் (உள்ளீட்டை இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் வகை) சைன் அலை ஒன்றை அனுப்புங்கள். தொடக்கத் தடுமாற்றம் அடங்கியதும் வெளியே வருவதும் அதே அதிர்வெண் கொண்ட சைன் அலைதான். வீச்சும் கட்டமும் (அலை எவ்வளவு முந்தியோ பிந்தியோ நிற்கிறது என்பது) மட்டுமே மாறியிருக்கும். எந்த அதிர்வெண்ணில் வீச்சு எத்தனை மடங்காகிறது, கட்டம் எவ்வளவு நகர்கிறது என்ற முழுக் கணக்கும் அந்தப் பின்னத்துக்குள் இருக்கிறது.

1 கிலோ ஓம் மின்தடை, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கொண்ட, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கால மாறிலி 1 மில்லி விநாடி. 159 ஹெர்ட்ஸில் வீச்சு 0.707 மடங்காகக் குறையும், கட்டம் 45 பாகை பின்தங்கும். 1590 ஹெர்ட்ஸில் வீச்சு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிக்கலான அலையையும் சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதால், இந்தக் கணக்கு கையில் இருந்தால் வேறெந்த உள்ளீட்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். தொடக்க நிலை சுழியம் என்று வைத்துக்கொண்டுதான் வகுக்கிறோம். மின்தேக்கியில் முன்பே மின்னூட்டம் இருந்தால் அதன் பங்கைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

கேள்வி: போல்கள் இடப்பக்கம் இருந்தால்தான் நிலையானது என்பது ஏன்?

பதில்: பின்னத்தின் கீழே உள்ள பகுதியைச் சுழியமாக்கும் எஸ் மதிப்புதான் போல். உள்ளீட்டை நிறுத்திய பிறகும் அமைப்பு தானாகக் காட்டும் நடத்தையை அது சொல்கிறது. மெய்ப்பகுதி −2 என்றால் (கலப்பெண் தளத்தில் இடப்பக்கம்) அந்த நடத்தை காலப்போக்கில் தேய்ந்துபோகும், +2 என்றால் (வலப்பக்கம்) பெருகிக்கொண்டே போகும். கற்பனைப் பகுதி அலைவின் வேகத்தைச் சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் வலப்பக்கம் இருக்கும் போலை, அதே இடத்தில் ஒரு ஜீரோ (பின்னத்தின் மேலே உள்ள தொகுதியைச் சுழியமாக்கும் மதிப்பு) வைத்து அடித்துவிடலாமே? தாளில் சரியாகத்தானே வருகிறது?

பதில்: செய்யவே கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பரிமாற்றச் சார்பு எதை மறைக்கிறது என்பது இங்கேதான் நன்றாகத் தெரியும்.

உங்கள் அமைப்பு 1/(எஸ் − 1). அதற்கு முன்னால் (எஸ் − 1)/(எஸ் + 1) என்ற கட்டுப்படுத்தியை வைக்கிறீர்கள். பெருக்கினால் 1/(எஸ் + 1), பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் உண்மையான போல் 1.001-ல் இருந்தால்? அடிபடாமல் மிஞ்சும் சிறு பகுதி அடுக்குக்குறி வேகத்தில் வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

சரி, துல்லியமாகவே பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த நடத்தை உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் எழுதியது கட்டுப்படுத்தியின் நுழைவிலிருந்து கடைசி வெளியீடு வரையிலான சார்பு மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் சின்னத் தொந்தரவு ஒன்று நுழைந்தால் அது நேராக 1/(எஸ் − 1)-க்குள் போய்ப் பெருகும். வரிசையை மாற்றிக் கட்டுப்படுத்தியைப் பின்னால் வைத்தால் இன்னும் ஆபத்து: வெளியீடு அமைதியாகத் தெரியும், உள்ளே அளவு கட்டுமீறிப் போய்க்கொண்டிருக்கும்.

போலை நகர்த்துவதற்குப் பின்னூட்டம், அதாவது வெளியீட்டை மறுபடி உள்ளீட்டுக்குக் கொண்டுவருவது, வேண்டும். பெருக்கம் 3 கொண்ட எளிய எதிர்ப் பின்னூட்டம் (கழித்துச் சேர்ப்பது) கொடுங்கள், பின்னத்தின் கீழ்ப்பகுதி (எஸ் − 1 + 3) ஆகிவிடும். போல் −2-க்கு வந்துவிட்டது. துல்லியமாகப் பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை, 1.001 என்றாலும் அது இடப்பக்கமே நிற்கும்.

கேள்வி: வணக்கம் சார். வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் சென்சார் குழாயில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பெருக்கத்தைக் கூட்டினால் ஊசலாட்டம் வருகிறது.

பதில்: காலதாமதம்தான் காரணமாக இருக்கும். தாமதத்தின் பரிமாற்றச் சார்பு வீச்சைத் தொடுவதே இல்லை, கட்டத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளும், அதுவும் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில். 0.1 விநாடித் தாமதம் 5 ஹெர்ட்ஸில் 180 பாகை. உங்கள் குழாயில் தாமதம் 10 விநாடி என்றால் அதே 180 பாகை 0.05 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். எதிர்ப் பின்னூட்டம் அங்கே நேர்ப் பின்னூட்டமாக மாறுகிறது. மற்றப் பகுதிகளும் தங்கள் பங்குக்குக் கட்டத்தைத் தள்ளுவதால் ஊசலாட்டம் இன்னும் கீழான அதிர்வெண்ணிலேயே தொடங்கும். சென்சாரை அருகில் கொண்டுவர முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் 1932-ல் தந்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும். போல்களைத் தேடாமல், பின்னூட்டச் சுற்றின் அதிர்வெண் வரைபடத்தை வைத்தே நிலைப்பைச் சொல்லிவிடலாம். தாமதத்தைத் தோராயமாக்காமல் அப்படியே கணக்கில் சேர்க்கலாம் என்பது எனக்கு அதில் மிகவும் பிடித்த குணம்.

கேள்வி: லென்ஸ் நுண்விவரங்களை எவ்வளவு தெளிவாகத் தருகிறது என்று காட்டும் எம்டிஎஃப் வரைபடமும் இதே கருத்தா?

பதில்: இதேதான், காலத்துக்குப் பதில் இடம். ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோட்டு இணைகள் என்பது அதிர்வெண், எத்தனை பங்கு மாறுபாடு (ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) மிஞ்சுகிறது என்பது வீச்சு. ஆனால் தயாரிப்பாளர்கள் தரும் வரைபடத்தின் கிடை அச்சில் பெரும்பாலும் இருப்பது படத்தின் நடுவிலிருந்து உள்ள தூரம். 10, 30 போன்ற சில அதிர்வெண்களை மட்டும் வெட்டிக் காட்டுகிறார்கள்.

குறையே இல்லாத லென்ஸுக்கும் எல்லை உண்டு. லென்ஸின் துளையை எஃப் 8-ல் வைத்தால் பச்சை ஒளிக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 227 இணைகளில் மாறுபாடு சுழியமாகும். எஃப் 16-ல் அதில் பாதி.

கேள்வி: நான் உயிரியல் படிக்கிறேன். மாதிரியை உறைய வைத்துப் பார்க்கும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் சிடிஎஃப் (மாறுபாட்டுப் பரிமாற்றச் சார்பு) திருத்தம் என்கிறார்கள். சுழியமான இடத்தை எப்படித் திருத்துவது?

பதில்: நல்ல கேள்வி. அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து முடியாது. சிடிஎஃப் மேலும் கீழும் அலைபாயும் சார்பு. அது எதிர்மறையாகும் பட்டைகளில் மாறுபாடு தலைகீழாகும். குறியை மாற்றினால் அது சரியாகிவிடும். சுழியத்தில் தகவலே இல்லை. அங்கே வகுத்தால் இரைச்சல்தான் பூதாகாரமாகும். ஆனால் குவியத்தை எவ்வளவு விலக்குகிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சுழியங்கள் இடம் மாறும். ஆகவே வெவ்வேறு விலகல்களில் படமெடுத்துச் சேர்த்தால், ஒன்றில் தொலைந்தது இன்னொன்றில் கிடைக்கும்.

1990-ல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியிலும் இதே கதைதான். கண்ணாடியின் வடிவப் பிழையால் இடைப்பட்ட அதிர்வெண்களில் மாறுபாடு வெகுவாகக் குறைந்தது, ஆனால் முற்றிலும் அழியவில்லை. பிரகாசமான பொருள்களைக் கணக்கிட்டு மீட்க முடிந்தது. மங்கலானவற்றில் இரைச்சல் முந்திக்கொண்டது. அவற்றுக்கு 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்த வேண்டியிருந்தது.

கேள்வி: நேரியல் அல்லாத அமைப்புக்கு?

பதில்: ஒரு செயல்படு புள்ளியைச் சுற்றிச் சிறு அசைவுகளுக்கு நேரியலாக்கி எழுதலாம். புள்ளி நகர்ந்தால் சார்பும் மாறும்.

கேள்வி: சமன்பாடு தெரியாத இயந்திரத்தின் பரிமாற்றச் சார்பை அளக்க முடியுமா?

பதில்: முடியும். கீழிருந்து மேல்வரை அதிர்வெண்ணை மெல்ல மாற்றி ஊட்டி, உள்ளீடு வெளியீடு இரண்டையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். வீச்சு விகிதத்தோடு கோஹெரன்ஸையும் (வெளியீட்டில் எத்தனை பங்கு அந்த உள்ளீட்டால் நேரியலாக வந்தது என்று 0 முதல் 1 வரை சொல்லும் அளவு) கட்டாயம் வரைந்து பாருங்கள். அது 1-க்கு அருகில் இல்லாத பட்டையில் கிடைத்த எண்களை நம்ப வேண்டாம். இரைச்சலோ, நேரியலின்மையோ, நீங்கள் அளக்காத வேறொரு உள்ளீடோ அங்கே கலந்திருக்கிறது. அப்புறம் ஊட்டும் வீச்சைப் பாதியாக்கி மறுபடி அளங்கள். வளைகோடு மாறினால் நேரியலின்மைதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.