நைல் நதியில் கோயில் பார்க்க: கப்பலுக்கு நான்கு இரவு, கரைக்கு மூன்று நாள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான், வயது 62. கணவருக்கு 68; முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். கோயில்களுக்கு நடுவிலேயே வளர்ந்த எங்களுக்கு, நைல் நதியில் கப்பலில் போய் எகிப்தின் பழைய கோயில்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. செலவை மகன் ஏற்றுக்கொண்டான். மூன்று இரவு, நான்கு இரவு, ஏழு இரவு என்று ஏஜென்ட்டுகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருவரும் சைவம். எப்படித் திட்டமிடுவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஏஜென்ட் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் போகும் வழியில் கோயில்கள் அதிகமில்லை. லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே ஆற்று வழி 200 கி.மீ. சொச்சம். அதில் எஸ்னா, எட்ஃபு, கோம் ஓம்போ என்று மூன்று கோயில்கள்தான் பயணத் திட்டங்களில் வரும். எஸ்னாவில் பல கப்பல்கள் தடுப்பணையின் லாக்கை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் மதகு) தாண்டுவதோடு சரி, கோயிலுக்கு இறக்கிவிடுவதில்லை. பெரிய கோயில்கள் எல்லாம் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. நான்கு இரவுப் பயணம் என்றாலும் கப்பல் நகர்வது ஏறக்குறைய இரண்டு நாள்தான். மற்ற நேரம் லக்சரிலோ அஸ்வானிலோ கட்டிப் போட்டிருக்கும்.

அதனால் என் யோசனை: லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்கும் நான்கு இரவுப் பயணத்தை எடுங்கள். அதற்கு முன் லக்சரில் இரண்டு நாள், பின் அஸ்வானில் ஒரு நாள் ஹோட்டலில் தங்குங்கள். மூன்று இரவு என்பது பெரும்பாலும் அஸ்வானிலிருந்து லக்சருக்கு வருவது. அவசர அவசரமாக இருக்கும். ஏழு இரவில் பல, போன வழியே திரும்பி வருபவை.

லக்சரில் ஏன் இரண்டு நாள் என்றால், அங்குள்ள கர்நாக் கோயில் அவ்வளவு பெரியது. ஸ்ரீரங்கம் மாதிரி, தலைமுறை தலைமுறையாக அரசர்கள் கட்டிக்கொண்டே போன இடம். அங்குள்ள 134 தூண் மண்டபத்தில் மட்டும் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். லக்சர் கோயிலை இருட்டிய பிறகு விளக்கொளியில் பாருங்கள். பழைய எகிப்தில் ஓப்பெத் என்ற திருவிழாவின்போது கர்நாக்கின் தெய்வமான ஆமூன் இந்தக் கோயிலுக்கு எழுந்தருளுவார். படகு வடிவப் பல்லக்கில் வைத்துப் பூசாரிகள் தோளில் சுமந்து வருவார்கள். அந்தப் படகுப் பல்லக்கைச் சுவர்ச் சிற்பங்களிலேயே பார்க்கலாம். கைடு அவசரப்படுத்தினால் விடாதீர்கள், காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாளைத் தெந்தேராவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லக்சருக்கு வடக்கே சுமார் 60 கி.மீ., கார்ப் பயணம். ஹாத்தோர் தேவியின் கோயில். விதானத்தில் நீல வண்ணம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. வழக்கமான கப்பல் திட்டத்தில் இது வராது. நான் இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் ஹாத்தோர் இங்கிருந்து படகில் ஆற்று வழியே எட்ஃபுவுக்குப் போய், அந்தக் கோயிலின் தெய்வமான ஹோரஸுடன் சேர்வது பெரிய விழா. நம் ஊர்த் திருக்கல்யாணம்போல. தெந்தேராவைப் பார்த்துவிட்டு எட்ஃபுவில் இறங்கினால், அம்மன் போன வழியில்தான் நாமும் வந்திருக்கிறோம் என்று தோன்றும்.

தெந்தேராவுக்குப் போகும் பக்கம்தான் கிஃப்த் என்ற ஊரும். ரோமானியர் காலத்தில் நம் பக்கத்து மிளகு செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, ஒட்டகத்தில் இந்த ஊருக்கு வந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியா போனது. செங்கடல் கரையில் ‘பானை ஒறி’ என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடுகூடக் கிடைத்திருக்கிறது. பார்க்கக் கிஃப்தில் பெரிதாக எதுவும் இல்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

எட்ஃபு கி.மு. 237-இல் தொடங்கி 57-இல் முடித்த கோயில். முகப்பு 36 மீட்டர் உயரம். உள்ளே போகப் போகத் தரை உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும், கடைசியில் கருவறை. எங்கே நிற்கிறோம் என்பதே உங்களுக்கு ஒரு கணம் மறந்துபோகும்.

அப்புறம் முழங்கால். கோயில்களைவிடக் கப்பல்தான் கஷ்டம் கொடுக்கும். நான்கைந்து கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். கரைக்குப் போக மற்றக் கப்பல்களின் வரவேற்பறைகள் வழியே நடக்க வேண்டும். நடுவே ஆடும் பலகைகள், பிறகு படித்துறை. ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்குப் பதில் அடுத்த கப்பலின் அறை தெரியும். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு, மேல் தளத்தில் கேபின் வாங்குங்கள். கைத்தடி அவசியம். லக்சரின் எதிர்க்கரையில் உள்ள அரசர்களின் பள்ளத்தாக்கில் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். நான்காம் ராம்சேஸின் கல்லறை அதிகம் இறக்கமில்லாதது, உங்கள் கணவர் அதற்கு மட்டும் போகட்டும். நீங்கள் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோம் ஓம்போ கப்பல் நிற்கும் இடத்தருகிலேயே இருக்கிறது. அஸ்வான் அருகே தீவில் இருக்கும் ஃபிலே கோயிலுக்கு மோட்டார் படகில் ஏறி இறங்க வேண்டும், கைகொடுக்க ஆள் இருந்தால் போதும்.

அஸ்வானில் நான் சொன்ன கூடுதல் நாள் அபு சிம்பல் கோயிலுக்கு. அது கப்பல் வழியில் இல்லை. தெற்கே 280 கி.மீ. விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி, போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. அவரால் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது என்றால் விமானத்தில் போங்கள். அஸ்வான் உயரணையின் நீரில் மூழ்காமல் இருக்க, 1964 முதல் 1968 வரை அந்தக் கோயிலையே வெட்டியெடுத்து 65 மீட்டர் மேலே கொண்டுபோய் வைத்தார்கள். அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. பிப்ரவரி 22, அக்டோபர் 22 மட்டும் வேண்டாம். கருவறையில் சூரிய ஒளி விழும் நாட்கள், கூட்டம் நெரியும்.

நவம்பர் அல்லது பிப்ரவரியின் முற்பகுதி நல்ல காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கூட்டமும் விலையும் ஏறும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கோஷரி (அரிசி, பருப்பு, மக்ரோனி கலந்தது), ஃபூல் (வேகவைத்து மசித்த மொச்சை வகை), தஅமியா மூன்றுமே சைவம். தஅமியா நம் மசால் வடைக்குச் சொந்தக்காரன். கப்பலில் பஃபே என்பதால் சூப்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு பாட்டில் ஊறுகாய் எடுத்துப்போங்கள்.

எஸ்னாவில் கப்பல் காத்திருக்கும்போது மேல்தளத்தில் இருங்கள். சின்னப் படகுகளில் வியாபாரிகள் நெருங்கி வந்து, மேசைவிரிப்பு, அங்கி எல்லாம் பையில் சுருட்டி மேலே வீசுவார்கள். பிடித்தால் பேரம் பேசிப் பணத்தை அதே பையில் வைத்து வீசுங்கள். பிடிக்கவில்லையா, துணியைத் திருப்பி வீசுங்கள். குறி தவறி ஆற்றில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.