சென்னையில் இடித்துக் கட்டத் தோதான பழைய ஃப்ளாட்களை எப்படித் தேடிப் பிடிப்பது?

சின்ன அளவில் பில்டராக இறங்கப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேற்கு மாம்பலம், அசோக் நகர் பக்கம் பில்டர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. புரோக்கர் என்றுதான் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

காரை பெயர்ந்து கம்பி தெரிகிற கட்டடமாகத் தேடச் சொல்வார்கள். அதை நம்பி அலையாதீர்கள். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளங்கள். எஃப்.எஸ்.ஐ. என்றால் மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. சாதாரணமாக அது 2. தெரு 9 மீட்டராவது, அதாவது சுமார் 30 அடியாவது, இருந்தால்தான் அதற்கு மேல் 30 சதவீதம் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. காசு கட்டி வாங்க முடியும். இரண்டு கிரவுண்டு மனையில், அதாவது 4,800 சதுர அடியில், 9,600 கட்டலாம், பிரீமியத்தோடு 12,480. பழைய வீட்டுக்காரர்களுக்கு 6,400 போனால் நீங்கள் விற்க மிஞ்சுவது 3,200-ஆ 6,080-ஆ என்பது அந்தத் தெரு அகலத்தில் இருக்கிறது. பத்திரத்தில் 30 அடி ரோடு என்று இருக்கும். ஆளாளுக்கு காம்பவுண்டைத் தள்ளிப் போட்டு நேரில் 26-தான் நிற்கும். போதாததற்கு வருஷக்கணக்காக உறை மாட்டி நிறுத்திய கார்கள் வேறு. ஓட்டாத காரை எதற்கு வாங்குகிறார்கள்? ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லை, கேட்டால் நம்மிடமே சண்டைக்கு வருகிறார்கள்! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்புறம் யூ.டி.எஸ். கூட்டல், அதாவது ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் மனையில் உள்ள பிரிபடாத பங்கைக் கூட்டிப் பார்ப்பது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அசோக் நகரில் எண்பதுகளில் கட்டிய எட்டு வீடு. எட்டுப் பேரும் சம்மதம், பில்டர் அட்வான்ஸ் செக்கோடு வந்துவிட்டார். நான் எட்டுப் பத்திரத்தின் நகலையும் வாங்கி, பிரிபடாத பங்கை வரிசையாகக் கூட்டினேன். 4,320 சதுர அடிதான் வந்தது. மனையோ 4,800. மிச்சம் 480, அன்றைக்குக் கட்டி விற்றவர் பெயரிலேயே தங்கியிருந்தது. அவர் காலமாகிவிட்டார், மூன்று வாரிசுகள், அதில் ஒருவர் வெளிநாட்டில். வக்கீல் வில்லங்கம் போட்டுப் பார்த்து எல்லாம் சரி என்று எழுதியே கொடுத்திருந்தார். (எல்லா வக்கீல்களையும் சொல்லவில்லை.) "கணக்கு வாத்தியார் வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்று சிரித்த பில்டர், மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கின பிறகுதான் ஒப்பந்தமே போட்டார். என் கமிஷனில் பாதி இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும் என்று 2022 அடுக்குமாடிச் சட்டம் சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறதுதான், 2024-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் மாட்டேன் என்றவர் கோர்ட்டுக்குப் போனால் அத்தனை மாசமும் வட்டி கட்டுவது நீங்கள். அதனால் நேராகச் சங்கச் செயலாளரிடம் போகாதீர்கள். தரைத்தளத்துக்காரரை முதலில் பாருங்கள். தரைத்தளத்தை வெறும் தூண்களோடு விட்டுக் கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங் வந்தால் அவர் மாடிக்குப் போக வேண்டும், முருங்கை மரமும் தனி வாசலும் போய்விடும். அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு அப்புறம் மற்றவர்களிடம் பேசுங்கள்.